பதினேழாவது கேள்வி

கொம்பனி அனுப்பிய படிவத்தில்
பதினேழாவது கேள்வி:
மூக்குச் சக்கரமா, வால் சக்கரமா?
பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள்.
அடியில் பொடி எழுத்து:
பத்துப் பேரில் எட்டுப் பேர்
முதலாவதையே கேட்கிறார்கள்.

மூன்று சீட்டு எடுத்து, ஒரு சோடி வளையல் விற்று,
பெட்டியில் வரப்போகும் விமானத்துக்கு
நாங்கள் மூன்று பேர் சொந்தம்.
பாதி டெய்சிராணிக்கு:
பேங்கில் வேலை, இரத்மலானையில் பறக்கும் படிப்பு.
கால் பங்கு விக்கிரமபாலவுக்கு:
தியத்தலாவையில் இரும்பு ஒட்டுகிறவர்.
மிச்சம் எனக்கு,
அப்புத்தளை ஸ்டேஷன் வாசலில்
திரீவீல் ஓட்டுகிறவனுக்கு.

"நான் படித்தது மூக்குச் சக்கரத்தில்" என்றாள் டெய்சி.
"ஓடுபாதை நேரே தெரியும்.
பிரேக் பிடித்தாலும் குப்புற விழாது.
காப்புறுதிக்காரன் முகம் சுளிக்கமாட்டான்."
விக்கிரமபால தலையாட்டினார்,
என் பக்கம் திரும்பினார்:
"உன் வண்டியும் அதுதானே மல்லி,
முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு."

அதனால்தான் சொல்கிறேன்.
பெரகலை இறக்கத்தில் ஒரு குழிக்குள்
அந்த முன் ஒன்று இறங்கிய நாள்
இரண்டு மூட்டை லீக்ஸும் நானும்
கானுக்குள் கிடந்தோம்.
நமக்கு இருப்பது தார்ப் பாதையா?
முள்ளம்பன்றி தோண்டிய பத்தனாப் புல்.
அதில் ஒல்லிக் காலை நீட்டிக்கொண்டு ஓடுவது
கரண்ட் போன வீட்டில்
பெருவிரலை முன்னுக்கு அனுப்புகிற மாதிரி.

புல் என் பக்கம்.
காற்று அவர்கள் பக்கம்.
இந்தக் கணவாயில்
காற்று எந்த நாள் நேராக வந்தது?
தெற்கே சரிவில் ஏறி, குறுக்கே வெட்டி,
வெலிமடைக்குக் கோவா பார்க்கப் போகும்.
வால் சக்கரத்தில் பாரம் பின்னுக்கு;
ஒரு தள்ளு போதும்,
வால் மூக்கை முந்தப் பார்க்கும்.
எனக்கும் தெரியும் அது.
சொல்லவில்லை.

இரண்டுக்கு ஒன்று. தோற்றேன்.
டெய்சி பேனா மூடியைக் கழற்றினாள்.

விக்கிரமபால மட்டும் ஏதோ யோசனையில்
அளவுநாடாவோடு வாசலுக்குப் போனார்.
நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது
பூட்டிய பெக்டரியின் கொழுந்து மடுவம்.
வாசல் உத்தரம் ஏழடி நான்கு அங்குலம்.
மூக்குச் சக்கரத்தில் நிமிர்ந்து நின்றால்
வால் துடுப்பு ஏழடி பத்து.
வால் தரையில் உட்கார்ந்தால்
ஆறடியும் இல்லை.

உத்தரம் வெள்ளைக்காரன் போட்ட இரும்பு.
இரண்டாவது கட்டத்தில் புள்ளடி விழுந்தது.
என் ஓட்டால் அல்ல.

இரண்டு வருடம், பதினோராயிரம் ரிவெட்.
நாய் குந்தியிருக்கிற மாதிரி
மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு
பத்தனையில் நின்றது.
முன்னால் ஒன்றும் தெரியாமல்
இடமும் வலமும் நெளித்து நெளித்து உருட்டினாள் டெய்சி.
குழி எல்லாம் தாண்டிற்று.
நான் கைதட்டத் தொடங்கினேன்.

கணவாய் ஒரு மூச்சு விட்டது.

வால் தன்பாட்டுக்குச் சுழன்றது,
அவசரமே இல்லாமல்,
சரியாக அரை வட்டம்.
வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது விமானம்,
அடுப்பை அணைத்தேனா என்று
யோசிக்கிற ஆளைப் போல.

இறக்கை நுனியில் புல்லின் பச்சை.
டெய்சி கண்ணாடி மூடியைத் தூக்கி
என்னைத்தான் பார்த்தாள்.
"எட்டுப் பேர்" என்றாள்.
மூடியைச் சாத்தினாள்.
பெடலிலிருந்து காலை எடுக்காமல்
இன்னொரு தரம் போனாள், இன்னொரு தரம்,
ஐந்தாவது தரம் நேராக.

இரவு, கடைசி ரயில் இறக்கிய ஆளை
ஏற்றிக்கொண்டு போகிறேன். மழை.
முன் சக்கரம் வழி கேட்காமல் போகிறது.
பின்னால் இருப்பவர் கேட்கிறார்:
"ஏன் தம்பி, ஒவ்வொரு வளைவிலும்
திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய்?"